நேசமணியின் சுத்தியல் யாருக்குச் சொந்தம்?

கேலி ஜிஃப், மீம், ஸ்டிக்கர் செய்பவர்களின் பதிப்புரிமைச் சந்தேகங்களும் விளக்கங்களும்

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது தாம்பரத்துக்காரர்களுக்கு இரட்டை லாபம். வெளியூர்ப் பேருந்து வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது ஒன்று. அது சென்னையில் இருக்கிறதா, திண்டிவனத்தில் இருக்கிறதா என்று வடசென்னைக்காரர்கள் புலம்பப் புலம்ப, அதை வைத்து மீம் போட முடிந்தது இன்னொன்று. ஜிஎஸ்டி சாலை நெரிசல், மழை வந்தால் முடிச்சூரில் மிதக்கும் கார், 'தாம்பரம் சென்னையா, இல்லையா' என்ற தீராத வழக்கு என எதற்கும் வடிவேலுவிடமோ கவுண்டமணியிடமோ நாகேஷிடமோ பொருத்தமான முகபாவம் கிடைக்கும். படத்திலிருந்து இரண்டு விநாடியை வெட்டி, கீழே நாலு வார்த்தை எழுதி, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்தால் ஜிஃப் தயார்.

அந்த இரண்டு விநாடிக்கும் சட்டப்படி உரிமையாளர் ஒருவர் உண்டு. மீம் பக்கம் நடத்தும் மாணவர்கள், கடைக்கு விளம்பரம் செய்து தரும் டிசைனர்கள், வாட்ஸ்அப் குழு அட்மின்கள் ஆகியோர் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் தீர்ப்புகளையும் வைத்து இங்கே பதில்.

சந்தேகம்: வடிவேலு முகத்தை வைத்து ஜிஃப் செய்கிறேன். உரிமை வடிவேலுவுக்கா, இயக்குநருக்கா?

இருவருக்கும் இல்லை. நம் சட்டத்தில் ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர்தான். படத்தைப் பிரதி எடுக்கும் உரிமை அவருக்கே. முழுப் படத்தைத் திருட்டு விசிடியாகப் போட்டால்தான் பிரதி என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிவு 14, படத்தில் வரும் எந்தவொரு காட்சியின் புகைப்படத்தையும் பிரதிக் கணக்கிலேயே சேர்க்கிறது. அதாவது, ஓடும் படத்தை நிறுத்தி எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் தயாரிப்பாளரின் உரிமை நீள்கிறது. ஜிஃப் என்பது அப்படிப்பட்ட பல காட்சிகளின் வரிசை.

நடிகருக்குத் தனியாக 'நிகழ்த்துநர் உரிமை' உண்டு. ஆனால் நடிக்க எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட பிறகு, தயாரிப்பாளர் தன் உரிமையை அனுபவிப்பதற்கு அவர் ஆட்சேபிக்க முடியாது. தயாரிப்பாளரும் பெரும்பாலும் உரிமைகளைத் தொலைக்காட்சிக்கு, ஓடிடிக்கு, பாட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்து விற்றிருப்பார். படம் எடுத்தவர் பெயரே நமக்கு மறந்துபோயிருக்கும். நோட்டீஸ் மட்டும் வேறொரு நிறுவனத்திடமிருந்து வரும்.

2019 மே மாதம் நடந்த கூத்தை நினைத்துப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் ஒரு கட்டுமானப் பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்ன கையோடு, ஜமீன் அரண்மனையில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் இதுதான் விழுந்தது என்றும் சேர்த்துவிட்டார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நேசமணியாக நடித்த அந்தக் காட்சி ஒரே நாளில் உலக டிரெண்டிங்கில் ஏறியது. நேசமணி நலம்பெற உலகமே பிரார்த்தித்தது. அன்று பறந்த ஒவ்வொரு துண்டுக் காட்சியும், ஏட்டில் உள்ள சட்டப்படி பார்த்தால், அனுமதி தேவைப்படும் பிரதிதான். பதினெட்டு வருடம் பழைய படத்துக்கு அவ்வளவு பெரிய இலவச விளம்பரம் கிடைக்கும்போது யார் வக்கீலைத் தேடுவார்கள்? தமிழ் மீம் உலகம் பெருமளவு இந்தக் கண்டுகொள்ளாமையின் மீதுதான் ஓடுகிறது. கண்டுகொள்ளாமல் இருப்பது அனுமதி ஆகாது. நாளைக்கு மனம் மாறினால் உரிமையாளர் தாராளமாகக் கேட்கலாம்.

சந்தேகம்: கேலி, நையாண்டி என்றால் விலக்கு உண்டு என்கிறார்களே?

அமெரிக்காவையோ பிரிட்டனையோ பார்த்துச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ராய் ஆர்பிசனின் பாட்டை '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழு நக்கலாகப் பாடியபோது, வணிக நோக்கில் செய்த கேலியும் நியாயமான பயன்பாடாக இருக்கக்கூடும் என்று 1994இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டன் 2014இல் கேலிச்சித்திரம், பகடி, பாணிப் போலி மூன்றையும் பெயர் சொல்லியே சட்டத்தில் சேர்த்தது. கனடா, ஆஸ்திரேலியாச் சட்டங்களிலும் பகடிக்கு இடம் உண்டு.

நம் சட்டத்தில் பகடி என்ற சொல்லே கிடையாது. பிரிவு 52இல் 'நியாயமான கையாளுகை' என்ற விலக்கு இருக்கிறது. அது மூன்று காரியங்களுக்கு மட்டும்: தனிப்பட்ட உபயோகம் (ஆராய்ச்சியும் இதில் அடக்கம்), விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்திகளைத் தருவது. நம் கேலி இந்த மூன்றில் ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

விமர்சன வாசல் திறந்துதான் இருக்கிறது என்று காட்டிய வழக்கு பக்கத்து மாநிலத்தில் நடந்தது. தோப்பில் பாசியின் 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' கேரள அரசியலையே அசைத்த நாடகம். அதே பாத்திரங்களையும் சில காட்சிகளையும் எடுத்துக்கொண்டு, 'யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்' என்று திருப்பிக் கேட்கும் எதிர் நாடகத்தை சிவிக் சந்திரன் எழுதினார். பாசியின் மனைவி அம்மிணியம்மா வழக்குப் போட்டார். 1996இல் கேரள உயர் நீதிமன்றம் மூன்றை எடைபோட்டது: சொல்ல வந்த விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எடுத்துக்கொண்டது எவ்வளவு, எதற்காக எடுத்தார், புதியது பழையதற்குப் போட்டியாக வந்து அதன் சந்தையைப் பிடுங்குமா. எதிர் நாடகத்தைப் பார்ப்பவர் மூல நாடகத்தைப் பார்த்த திருப்தியோடு வீட்டுக்குப் போகப்போவதில்லை. சிவிக் சந்திரன் பக்கம் தீர்ப்பானது. கால் நூற்றாண்டு தாண்டியும் இந்திய வக்கீல்கள் கையில் எடுக்கும் அளவுகோல் இதுதான்.

இதில் மீம்காரர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் இருக்கிறது. சிவிக் சந்திரன் எடுத்தது எந்த நாடகத்தையோ, கேலி செய்ததும் அதே நாடகத்தை. 'தமிழ்ப்படம்' (2010) நம் சினிமாவின் வழக்கங்களையே கிண்டலடித்ததும் இந்த வகை. நீங்கள் 'ஃப்ரெண்ட்ஸ்' காட்சியை எடுத்து 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தையே கலாய்த்தால் அது படத்தின் மீதான விமர்சனம். விலக்கு ஓரளவு தெளிவு. அதே காட்சியை எடுத்து கிளாம்பாக்கத்தைக் கலாய்த்தால்? சட்டம் 'அந்தப் படைப்பை அல்லது வேறொரு படைப்பை' விமர்சிப்பதைத்தான் அனுமதிக்கிறது. பேருந்து முனையம் ஒரு படைப்பு என்று எந்த நீதிபதியிடமும் வாதாட முடியாது. அப்போது மிச்சமிருப்பது நடப்புச் செய்தி என்ற வாசல். மாநகராட்சி தூர் வாராததை ஜிஃப் போட்டுச் சொல்வதும் நடப்பைச் சொல்வதுதானே என்று வாதிடலாம். என் பார்வையில் நல்ல வாதம். ஆனால் தமிழ்நாட்டு மீம்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டாம் வகை என்பதை நினைத்தால், பிரிட்டனைப் போல நாமும் அந்த ஒரு வார்த்தையைச் சட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

சந்தேகம்: மூன்று விநாடிக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லையாமே?

பத்து விநாடி, ஏழு விநாடி, 30 சதவீதம் என்று பல எண்கள் உலவுகின்றன. எதுவும் சட்டத்தில் இல்லை. விநாடிக் கணக்கு எவ்வளவு பெரிய சண்டையாக முடியும் என்பதற்கு கோடம்பாக்கத்திலேயே உதாரணம் உண்டு. நயன்தாரா பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தில் 'நானும் ரௌடி தான்' படப்பிடிப்பின் சின்னத் துணுக்கு இடம்பெற்றது. மூன்று விநாடிக்கு 10 கோடி ரூபாய் கேட்கிறார் என்று 2024 நவம்பரில் நயன்தாரா, அந்தத் திரைப்படத்தின் தயாரிப்பாளர் தனுஷுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தனுஷின் வுண்டர்பார் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யச் சொன்ன எதிர்த்தரப்பு மனுவை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் தனுஷ் தரப்பு ஜெயித்துவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. 'துளியூண்டுதானே' என்று சொல்லி வாசலிலேயே வழக்கை விரட்ட முடியவில்லை என்பதுவரைதான் பொருள்.

மறுபக்கமும் இருக்கிறது. இந்தியா டிவி நிகழ்ச்சி ஒன்றில் பாடகி சில பாட்டு வரிகளைப் பாடியதற்காக யஷ்ராஜ் ஃபிலிம்ஸ் தொடுத்த வழக்கில், அற்ப அளவு எடுத்ததற்கெல்லாம் சட்டம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை என்ற கொள்கையை 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. எடுத்தது எவ்வளவு என்பதோடு, எடுத்தது படத்தின் உயிர்நாடியா, உரிமையாளருக்கு நஷ்டம் உண்டா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஜிஃப்பில் ஒலி கிடையாது, கதை கிடையாது, யாரும் ஜிஃப் பார்த்துவிட்டு டிக்கெட்டை ரத்து செய்வதில்லை. இவையெல்லாம் உங்கள் பக்கம் நிற்கும் வாதங்கள். பின்னணி இசையோடு ரீல்ஸாக மாற்றினால் வாதம் பாதி போய்விடும். பாட்டு நிறுவனங்கள் சினிமாத் தயாரிப்பாளர்களைப் போலக் கண்டுகொள்ளாமல் இருப்பவர்கள் இல்லை.

சந்தேகம்: 'உரிமை மீறும் நோக்கமில்லை' என்று கீழே எழுதி, படத்தின் பெயரையும் போட்டுவிட்டால்?

நாகரிகம். அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. விமர்சனம், நடப்புச் செய்தி என்று வாதாடும்போது மூலத்தைச் சொல்லியிருப்பது உங்கள் நேர்மைக்குச் சாட்சியாகலாம். நோக்கமில்லை என்ற வாசகமோ, இது அடுத்தவருடையது என்று தெரிந்தே எடுத்ததற்கான ஒப்புதலாகவும் வாசிக்கப்படலாம்.

சந்தேகம்: காசு வாங்காமல் சும்மா போடுகிறேன். அப்போதுமா?

சட்டத்தில் 'தனிப்பட்ட உபயோகம்' என்றால் தனிப்பட்டதுதான். நண்பர்கள் நாலுபேர் குழுவில் ஸ்டிக்கர் அனுப்புவதை அதில் அடக்கலாம். ஐம்பதாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் போடுவதை அடக்க முடியாது. ஆனாலும் காசு முக்கியம். வியாபார லாபம் இல்லாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதைவிட, காசு வராத இடத்தில் வழக்குப் போட யாருக்கும் ஆர்வம் வராது.

சிக்கல் எங்கே வெடிக்கும் என்றால், அதே கையோடு சேலையூர் கேம்ப் ரோட்டில் திறக்கும் பிரியாணிக் கடைக்கு வடிவேலு தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஜிஃப் செய்து கொடுக்கும்போது. அது விமர்சனமும் இல்லை, செய்தியும் இல்லை, விளம்பரம். பதிப்புரிமையோடு 'ஆளுமை உரிமை' என்ற இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. புகழ்பெற்றவரின் பெயரையும் முகத்தையும் தோரணையையும் அவர் அனுமதியின்றிக் காசாக்கக் கூடாது என்பது அதன் சாரம். 'மைன் ஹூம் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படத்தை எதிர்த்து ரஜினி தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த உரிமையை ஏற்றுத் தடை விதித்தது. 2023இல் அனில் கபூர் டெல்லியில் பெற்ற உத்தரவில் முகத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும் வழிகளைப் பட்டியலிட்டபோது ஜிஃப் என்ற சொல்லே இடம்பெற்றது. 2025 நவம்பரில் இளையராஜாவும் தன் பெயரையும் படத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராகச் சென்னையில் இடைக்காலத் தடை வாங்கினார்.

இதற்கு மறுமுனையில் இருப்பது ஜாக்கி ஷெராஃப் வழக்கு. அவர் பேட்டியில் பேசியதை எடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, 'தக் லைஃப்' என்று போட்ட யூடியூபருக்கும் சேர்த்துத் தடை கேட்டார். டி-சர்ட், வால்பேப்பர் விற்றவர்களுக்கு எதிராக 2024 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்த யூடியூபருக்கு மட்டும், அவரைக் கேட்காமல் தடைபோட மறுத்தது. இப்படிப்பட்ட வீடியோக்கள் இளைஞர்களின் ஒருவகைக் கலை வெளிப்பாடு, அதை அடைத்தால் பேச்சுரிமைக்கு விளைவுகள் உண்டு என்றது. விற்றவருக்கு ஒரு நியாயம், சிரிக்க வைத்தவருக்கு வேறொரு நியாயம். கடை விளம்பரம் செய்து தரும் டிசைனர்கள் இந்த ஒரு வழக்கைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

சந்தேகம்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், நாகேஷ் காமெடி எல்லாம் பொதுச்சொத்துதானே?

கறுப்பு வெள்ளையா கலரா என்று பார்க்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள். படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் பதிப்புரிமை. முன்பு 50 ஆக இருந்தது. தாகூரின் எழுத்துகளுக்குக் காலக்கெடு முடியப்போன வேளையில், 1992இல் பத்து ஆண்டு கூட்டினார்கள். அவர் புண்ணியத்தில் நம் சினிமாக்காரர்களுக்கும் பத்து ஆண்டு கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'காதலிக்க நேரமில்லை' 1964. பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி உட்பட, திரைப்படம் என்ற முறையில் அதன் உரிமைக் காலம் 2024 டிசம்பரோடு முடிந்தது. தருமியாக நாகேஷ் தனியே புலம்பும் 'திருவிளையாடல்' 1965; அதற்கு 2025 டிசம்பரோடு. தேர்வு முடிவு, சம்பள உயர்வு, ரேஷன் கடை வரிசை என எல்லாவற்றுக்கும் தருமியை அழைக்கும் மீம்காரர்களுக்கு இது நல்ல சேதி.

ஆனால் அதோடு முடியவில்லை. படம் என்பது ஒன்று. அதற்குள் இருக்கும் வசனம், பாடல் வரி, மெட்டு என்பவை தனித்தனிப் படைப்புகள். அவற்றுக்குக் கணக்கு எழுதியவரின் ஆயுளைப் பொறுத்தது: அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 'திருவிளையாடல்' வசனம் எழுதிய ஏ.பி. நாகராஜன் மறைந்தது 1977. எனவே 2037 வரை. கண்ணதாசன் 1981, பாடல் வரிகள் 2041 வரை. கே.வி. மகாதேவன் 2001, மெட்டுகள் 2061 வரை. ஆக, தருமி திருதிருவென்று விழிக்கும் ஊமை ஜிஃப்புக்கும், பாட்டோடு போடும் ரீல்ஸுக்கும் சட்டத்தின் முன்னால் நிறைய வித்தியாசம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக்கு யாரிடமும் போக வேண்டாம். தருமி கதையை நீங்களே கார்ட்டூனாக வரைந்து நாகேஷ் சாயல் இல்லாமல் ஓட விடுங்கள், கேட்க ஆளில்லை.

இன்னொரு முள். அமெரிக்காவின் கணக்கு வேறு. அங்கே இந்தக் காலத்துப் படங்களுக்குப் பொதுவாக 95 ஆண்டு. யூடியூபும் இன்ஸ்டாகிராமும் அமெரிக்க நிறுவனங்கள் என்பதால், இங்கே பொதுச்சொத்தானது அங்கே தானியங்கிப் பொறியில் மாட்டலாம்.

சந்தேகம்: படத்திலிருந்து எடுக்காமல் நானே வரைந்து அனிமேஷன் செய்தால்?

ரொம்பவும் பத்திரமான வழி அதுதான். கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்குத்தான் என்று 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓர் அமைச்சரின் மூக்கைப் பெரிதாக்கி நீங்கள் வரையும் கேலிச்சித்திரம் உங்கள் சொத்து. அடுத்தவர் உருவாக்கிய கார்ட்டூன் பாத்திரத்தை அப்படியே வரைந்தால் மட்டும் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். கையால் நகல் எடுத்தாலும் நகல்தான்.

அனிமேஷன் கேலிக்காக இந்தியாவில் நடந்த சுவையான வழக்கு ஆமைகளைப் பற்றியது. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று சொல்ல, பாக்மேன் சாயலில் 'டர்ட்டில் வெர்சஸ் டாடா' என்ற இணைய விளையாட்டை கிரீன்பீஸ் வெளியிட்டது. ஆமையைத் துரத்தும் பூதங்கள் மேல் டாடா சின்னம். 10 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு டாடா சன்ஸ் போனது. 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது: வணிகச் சின்னத்தைப் பொருள் விற்பதற்குப் பயன்படுத்தவில்லை, பொதுநலன் சார்ந்த விஷயத்தில் மிகைப்படுத்திக் கேலி செய்வதும் கருத்துரிமைதான். இது பதிப்புரிமை வழக்கு இல்லை, வணிகச்சின்ன, அவதூறு வழக்கு. ஆனாலும் ஒரு பெரிய நிறுவனத்தின் லோகோவை ஆட்டிவைத்து ஜிஃப் செய்கிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் செய்வதைப் பற்றியும் கேட்பீர்கள். 2025 மார்ச்சில் ஊரே ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் பாணிக்கு மாறியது; தாம்பரம் ரயில் நிலையமும் தப்பவில்லை. பாணிக்கு உரிமை இல்லை என்பதால் போட்டவர் மீது குற்றமில்லை. அந்தப் பாணியை இயந்திரம் எங்கிருந்து கற்றது என்ற கேள்வி நிறுவனங்களுக்கு இடையிலானது; டெல்லியில் ஓப்பன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தொடுத்த வழக்கும் இப்படிப்பட்ட கேள்வியைப் பற்றியதுதான். நடிகரின் முகத்தை வைத்து அவர் நடிக்காததை நடித்ததுபோலச் செய்வது வேறு விவகாரம். 'அம்பிகாபதி' படத்தின் முடிவை அதன் உரிமை நிறுவனமே செயற்கை நுண்ணறிவால் மாற்றி 2025 ஆகஸ்டில் வெளியிட்டபோது, படத்தின் ஆன்மாவே போய்விட்டதாக அதில் நடித்த தனுஷ் வருந்தினார். உரிமை வைத்திருப்பவர் செய்ததற்கே அந்த எதிர்ப்பு. தன் நடிப்பைத் திரித்து மானத்தைக் கெடுத்தால் தடுக்கும் உரிமை நடிகருக்கு 2012 திருத்தம் முதல் இருக்கிறது.

சந்தேகம்: ஜிஃப் என்ற வடிவத்துக்கே காப்புரிமை இருந்ததாமே?

இருந்தது, முடிந்தது. 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் உருவாக்கிய வடிவம் அது. அதற்குள் இருந்த சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. மென்பொருள் செய்பவர்களிடம் காசு கேட்டு 1990களில் பெரிய அமளி. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல் காலாவதியானது. இன்று யாரும் செய்யலாம்.

சந்தேகம்: நான் செய்த மீமைப் பெரிய பக்கம் என் வாட்டர்மார்க்கை அழித்துவிட்டுப் போடுகிறது. நான் கேட்க முடியுமா?

நீங்களே வரைந்ததென்றால் முழு உரிமையோடு கேட்கலாம். பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படைத்த கணமே உரிமை பிறந்துவிடும். சான்றுக்காகப் பதிய விரும்பினால், கலைப்படைப்புக்கு 500 ரூபாய்க் கட்டணத்தில் டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழி விண்ணப்பிக்கலாம். கிண்டி அலுவலகத்துக்கு மின்சார ரயில் ஏறிப் போகாதீர்கள், அங்கே பார்ப்பது கண்டுபிடிப்புக் காப்புரிமையும் வணிகச் சின்னமும். சினிமாக் காட்சியில் வார்த்தை மட்டும் சேர்த்திருந்தால், நீங்கள் சேர்த்த பங்குக்கு மேல் கோர முடியாது. ஏஜென்சியில் சம்பளத்துக்கு இருந்து செய்தால் உரிமை முதலாளிக்கு. தனியாளாகச் செய்து கொடுத்தால், எழுத்தில் மாற்றித் தராதவரை பொதுவாக உங்களுக்கே.

படைத்தவர் கேட்டு வாங்கிய கதைகள் வெளிநாட்டில் உண்டு. பெப்பே தவளையை வரைந்த மேட் ஃப்யூரி, அதைப் போஸ்டரில் விற்ற இன்ஃபோவார்ஸ் வலைத்தளத்திடமிருந்து 2019இல் 15,000 டாலர் பெற்றார். 'கூச்சப் பென்குயின்' மீமுக்கு அடியில் இருந்த புகைப்படத்துக்காக, கெட்டி இமேஜஸ் தரப்பு 2015இல் ஒரு ஜெர்மன் வலைத்தளத்திடம் சுமார் 785 யூரோ வசூலித்தது. உலகமே பயன்படுத்துகிறது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

சந்தேகம்: யூடியூபில் பதிப்புரிமை ஸ்ட்ரைக் வந்துவிட்டது. என்ன செய்வது?

மீம்காரர்களுக்கு உண்மையான நீதிமன்றம் இதுதான். பெரும்பாலானோர் கோர்ட் வாசலை மிதிக்கவே மாட்டார்கள். யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். 2025 மே மாதம் யூடியூபர் மோஹக் மங்கல் கிளப்பிய சர்ச்சை நினைவிருக்கலாம்: சில விநாடிச் செய்திக் காட்சிகளுக்காக ஸ்ட்ரைக் கொடுத்துவிட்டு, லட்சக்கணக்கில் சந்தா கட்டச் சொன்னதாக ஏஎன்ஐ மீது புகார் சொன்னார். தன் உரிமையைத்தான் கேட்டதாக நிறுவனம் சொன்னது.

நியாயமான கையாளுகை என்று உறுதியாக நம்பினால் எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். பத்து வேலை நாளுக்குள் எதிர்த்தரப்பு வழக்குப் போட்டதற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். ஆனால் உங்கள் உண்மைப் பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவர் கைக்குப் போகும். முகமூடி போட்ட பக்கம் நடத்தி, அமைச்சரையும் நடிகரையும் ஒருசேரக் கலாய்ப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டிய இடம் இது. இந்தியச் சட்டத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது: உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், இடைநிலைத் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் திறக்கலாம்.

வெறும் மிரட்டலுக்கும் மருந்து உண்டு. அடிப்படையில்லாமல் வழக்குப் போடுவேன் என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்புகிறவர் மீது பிரிவு 60இன் கீழ் நீங்களே வழக்குத் தொடுக்கலாம். அவர் உடனடியாக உண்மையிலேயே வழக்கை நடத்தத் தொடங்கிவிட்டால் மட்டும் அது செல்லாது.

சந்தேகம்: போலீஸ் வீட்டுக்கு வருமா?

ஏட்டுப்படி வரலாம். தெரிந்தே செய்த மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கோர முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், முதலில் விசாரணைக்கு அழைத்து நோட்டீஸ் கொடுப்பதே முறை என்று அதே உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருப்பதும் நினைவில் இருக்கட்டும். அந்த நோட்டீஸ் வந்தால் ஒளியாமல், வக்கீலோடு போங்கள்.

நம் ஊரில் கேலிக்காகக் கம்பி எண்ணியவர்களைப் பார்த்தால் காரணம் பதிப்புரிமையாக இருந்ததில்லை; கேலிக்கு ஆளானவரின் கோபம்தான். 1987 ஏப்ரலில் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டு நாளில் விடுதலை. பிறகு அவர் உயர் நீதிமன்றம் போய், பெயரளவில் 1,000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். 2017இல் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடங்கியது. அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தளத்தைத் திறந்துவிட மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்றிலும் படம் வரைந்தவர்களின் சொந்தச் சரக்கு.

சந்தேகம்: ரயிலில் வாய் பிளந்து தூங்குகிறவரை எடுத்து ஸ்டிக்கர் செய்தால்?

படம் எடுத்தவர் நீங்கள், எனவே பதிப்புரிமை உங்களுடையது. தூங்கியவருக்கு அந்தரங்க உரிமை இருக்கிறது, அவதூறு வழக்கு இருக்கிறது. அமைச்சரும் நடிகரும் பொதுவாழ்வுக்கு வந்தவர்கள். கடற்கரை–தாம்பரம் வண்டியில் வேலை முடிந்து அசந்துபோனவர் அப்படியில்லை. கேட்டால் உடனே அழித்துவிடுங்கள், எடுக்காமலே இருப்பது இன்னும் நல்லது.

சந்தேகம்: வழக்கு என்று வந்தால் எந்தக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்?

தாம்பரம் மாநகராட்சி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தாலும், பெரும்பாலும் நீங்கள் போக வேண்டியிருப்பது பாரிமுனைக்குத்தான். பதிப்புரிமை வழக்கை, தான் குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம் என்று பிரிவு 62 வாதிக்குச் சலுகை தருகிறது. சினிமா நிறுவனங்கள் சென்னையில். பெருந்தொகை கேட்கும் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில், 2023இல் தொடங்கிய அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போகும். மும்பை நிறுவனம் தாம்பரத்துப் பையனை அந்தேரிக்கு இழுக்க முடியுமா என்றால், அதற்கு 2015இல் சஞ்சய் தாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: சம்பவம் நடந்த இடத்தில் நிறுவனத்துக்குக் கிளை இருந்தால் வழக்கை அங்கேதான் தொடுக்க வேண்டும். அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்காக இருந்தால், வணிக நீதிமன்றச் சட்டப்படி முதலில் சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தாக வேண்டும். படத்தை நீக்கிவிடுகிறேன், இனிப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதோடு பல விவகாரங்கள் அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.